ஒரு பக்கம் வாங்க, மறு பக்கம் போயிட்டு வாங்க

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல டென்வர்னு ஒரு ஊர், ராக்கி மலைத்தொடருக்குக் கீழ இருக்கு. அங்க யூனியன் ஸ்டேஷன்னு ஒரு பெரிய ரயில் நிலையம். அதுக்கு முன்னாடி, 17-ம் தெரு வைன்கூப் தெருவுல வந்து சேர்ற இடத்துல, 1906 ஜூலை 4-ம் தேதி, அவங்க சுதந்திர தினத்தன்னிக்கு, ராபர்ட் ஸ்பியர்ங்கற மேயர் ஒரு வரவேற்பு வளைவைத் திறந்து வச்சாரு. சின்னதா ஒண்ணு நட்டு வச்சது இல்ல, 65 அடி உயரம், 86 அடி அகலம், கிட்டத்தட்ட 70 டன் எடை, மேல கீழ எல்லாம் சேத்து ஆயிரத்துக்கும் மேல மின்சார பல்பு. நெறைய ஊர்ல ராத்திரியானா மண்ணெண்ணெய் விளக்குதான்னு இருந்த காலத்துல ரயில்ல இருந்து இறங்கி வெளிய வர்றவன் கண்ணுல முதல்ல படுறது அந்த வெளிச்சமும் அதுல எழுதியிருந்த 'வெல்கம்'ங்கற ஒரே ஒரு சொல்லும்தான்.

முதல்ல ரெண்டு பக்கமும் 'வெல்கம்'னுதான் இருந்துச்சு. 1908-ல ஒரு பக்கத்தை மட்டும் மாத்துனாங்க, ஊரைப் பாத்த பக்கத்தை, அதாவது ஊரை விட்டுக் கிளம்பி ஸ்டேஷனுக்கு நடந்து வர்றவங்க பாக்குற பக்கத்தை. அதுல 'மிஸ்பா'ன்னு எழுதுனாங்க. பைபிள்ல ஆதியாகமத்துல 31-ம் அதிகாரத்துல யாக்கோபும் அவரோட மாமனார் லாபானும் பிரியற இடத்துல வர்றது அது, நாம ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படாம இருக்கறப்ப கடவுள் நம்ம ரெண்டு பேரையும் பாத்துக்கட்டும்னு அர்த்தம். வர்றவனுக்கு ஒரு பக்கம், போறவனுக்கு ஒரு பக்கம். உலகத்துல எத்தனையோ ஊர்ல வரவேற்பு வளைவு இருக்கு, ஆனா ஊரை விட்டுப் போறவனையும் நெனச்சு அவன் பாக்குற பக்கத்துல தனியா ஒண்ணு எழுதி வச்சாங்களேன்னு கேட்டதுல இருந்து எனக்கு இந்த வளைவு மனசை விட்டுப் போகவே இல்ல.

இத எனக்குச் சொன்னது என் தம்பி. அவன் டென்வரை ஒட்டி அரோரான்னு ஒரு ஊர்ல இருக்கான். பர்மாவுல இருந்து போனவங்க அங்க நிறைய பேர், கரென், சின், ரொஹிங்கியா, நடுவுல நம்ம தமிழ் ஆளுங்களும் கொஞ்சம். வீடியோ கால்ல ஸ்டேஷன் வாசல்ல நின்னு காமிச்சான், "அக்கா, இந்த இடத்துலதான் அது இருந்துச்சாம், இப்ப ஒண்ணும் இல்ல பாரு"ன்னு. நான் இருக்கறது பர்மாவுல யாங்கோன்ல, அந்தக் காலத்து ரங்கூன்தான் அது, சரியாச் சொன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் தலாவுல, வேலைக்கு டவுனுக்குப் போகணும்னா தினமும் படகுல பன்சோடான் ஜெட்டிக்கு வரணும். 2014-ல இருந்து ஜப்பான் குடுத்த 'செர்ரி' படகுதான் ஓடுது. ஜெட்டியில இறங்கி ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டுனா துறைமுகக் கட்டடம், அதுக்கு மேல நூறு வருஷப் பழைய கட்டடமா வரிசையா பன்சோடான் தெரு, வெள்ளைக்காரன் காலத்துல அது ஃபேயர் ஸ்ட்ரீட். அந்தத் தெருவுல நடக்குறப்ப எல்லாம் எனக்கு இப்ப ஒரே நெனப்பு, என் தாத்தா மாதிரி லட்சக்கணக்கான பேர் வந்து இறங்குனது இந்த ஆத்தங்கரையிலதானே, அவங்க கண்ணுல முதல்ல பட்டது என்னவா இருந்திருக்கும்னு.

தாத்தா மன்னார்குடிப் பக்கத்துல இருந்து வந்தவரு. மெட்ராஸ்ல கப்பல் ஏறி, டெக்குல படுத்து, கடல் காத்துலயும் உப்புத் தண்ணியிலயும் நாலஞ்சு நாள். 1920-கள்ல வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஆளுங்க இப்படி வந்து இறங்குனாங்க. வந்து குடியேறுறவங்க எண்ணிக்கையில ரங்கூன் துறைமுகம் நியூயார்க்குக்கே சவால் விட்டுச்சுன்னு சரித்திரம் எழுதுறவங்க சொல்றாங்க. 1931 கணக்கெடுப்புல ரங்கூன்ல இருந்த கிட்டத்தட்ட 4 லட்சம் பேர்ல பாதிக்கு மேல இந்தியாவுல இருந்து வந்தவங்களும் அவங்க பிள்ளைங்களும்தான். நியூயார்க்ல இறங்குனவனுக்கு சுதந்திர தேவி சிலை இருந்துச்சு. ரங்கூன்ல இறங்குனவனுக்கு இருந்தது கூலிக்கு ஆள் சேக்குற மேஸ்திரி, அவன் கையில இருந்த நோட்டு, டாக்டர் பரிசோதனை. வாங்கன்னு சொல்ல ஒரு பலகை கூட இல்ல.

அந்தக் காலத்துல வளைவே கட்டாம இல்ல. பிரிட்டிஷ்காரன் ஆண்ட ஊர் எல்லாத்துலயும் ராஜ குடும்பத்துல இருந்து யாராவது வந்தா தெருவுக்குத் தெரு வளைவு கட்டி, துணி சுத்தி, கொடி தொங்க விட்டு, அவங்க கப்பல் ஏறுனதும் பிரிச்சுப் போட்டுருவாங்க. ரங்கூனுக்கும் 1906 ஜனவரியில வேல்ஸ் இளவரசர் வந்தாரு, பின்னாடி ஐந்தாம் ஜார்ஜ் ஆனவரு. அதே 1906-ல ஆறு மாசம் கழிச்சு டென்வர்ல எழுந்த வளைவு ஒரு இளவரசருக்காகக் கட்டுனது இல்ல. ரயில் டிக்கெட் வாங்குன எவனுக்கும் அது பொது. திறப்பு விழாவுல ஸ்பியர் பேசுனதும் அதத்தான், எங்க வாசல்ல நுழையுற முகம் தெரியாத ஆளுக்கு எங்க ஊர் ஜனங்களோட அன்பைச் சொல்லிக்கிட்டு இது தலைமுறை தலைமுறையா நிக்கும்னு பேசுனாரு. எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுப் போச்சு. ஊர் முழுக்க மரம் நட்டவரு, பூங்கா கட்டுனவரு, ஊர் அழகா இருந்தா அதுல இருக்குற ஏழைக்கும் அது சொத்துன்னு நம்புன ஒரு தலைமுறையைச் சேர்ந்தவரு.

யாரெல்லாம் அந்த வளைவுக்கு அடியில நடந்து வந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். டென்வரோட காத்து உலர்ந்த காத்து, கடல் மட்டத்துல இருந்து ஒரு மைல் உயரம், அதனால அந்தக் காலத்துல காசநோய் வந்தவங்களை டாக்டருங்க அங்கதான் போகச் சொல்லுவாங்க, அங்க காசநோய்க்குன்னே ஆஸ்பத்திரிங்க இருந்துச்சு, 1899-ல தொடங்குன ஒரு பெரிய ஆஸ்பத்திரி இன்னிக்கும் நுரையீரல் வைத்தியத்துக்குப் பேர் போனது. அப்ப காசநோய்க்கு மருந்தே கிடையாது. ரெண்டு மூணு நாள் ரயில்ல இருமிக்கிட்டே வந்து, ராத்திரி இறங்கி, வெளிய வந்தா தலைக்கு மேல இத்தனை பல்பு எரியுது, வாங்கன்னு. சொந்த ஊர்ல பக்கத்துல உக்காரவே பயந்த ஜனங்களைப் பாத்துட்டு வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1908 ஜூலையில ஜனநாயகக் கட்சியோட தேசிய மாநாடு அந்த ஊர்ல நடந்துச்சு, ஊர் ஊரா இருந்து வந்த பெரிய மனுஷங்களும் இதே வளைவுலதான் நுழைஞ்சாங்க, ஆனா எனக்கு என்னவோ அந்த இருமல்காரங்கதான் நெஞ்சுல நிக்குறாங்க.

இத எழுதுறப்ப இன்னொண்ணையும் எழுதாம விட முடியாது. அந்த ஸ்டேஷனுக்கு அடுத்த தெரு வாஸி தெரு. வளைவு வர்றதுக்கு 26 வருஷம் முன்னாடி அங்க சீனாக்காரங்க குடியிருந்த பகுதி ஒண்ணு இருந்துச்சு. 1880 அக்டோபர் 31-ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் திரண்டு வந்து அந்தக் குடியிருப்பை அடிச்சு நொறுக்கி, சலவைக் கடைங்களைச் சூறையாடி, லுக் யங்னு ஒருத்தரை அடிச்சே கொன்னாங்க. அதுக்கு டென்வர் நகரம் மன்னிப்பு கேட்டது 2022-ல. 'வெல்கம்'னு எழுதுன ஊருக்குள்ளயே இதுவும் நடந்திருக்கு.

படிச்சப்ப எனக்கு ரங்கூன் 1930 ஞாபகம் வந்துச்சு. அந்த மே மாசம் துறைமுகத்துல மூட்டை தூக்குன தெலுங்குக்காரங்க கூலி கேட்டு வேலைநிறுத்தம் பண்ணாங்க, கப்பல் கம்பெனிங்க பர்மியத் தொழிலாளிங்களைக் கொண்டு வந்து இறக்குனாங்க, அப்புறம் சமரசம் ஆனதும் பர்மியங்களைப் போகச் சொல்லிட்டு பழைய ஆளுங்களையே எடுத்துக்கிட்டாங்க. வேலைக்குன்னு சோத்துப் பொட்டலத்தோட வந்தவங்களுக்கு ஆத்திரம், அங்கிருந்து கலவரம் ஊர் பூரா பரவி நூத்துக்கும் மேல பேர் செத்தாங்க. ரெண்டு பக்கமும் வயித்துப்பாட்டுக்காரங்க, ஆதாயம் கம்பெனிக்கு. பெரியவங்க இதப் பேசுறப்ப ஊர்க்காரங்க மேல குத்தம் சொல்லி நான் கேட்டதில்ல, "தொரைங்க மூட்டி விட்டது"ன்னுதான் சொல்லுவாங்க. ஒரு ஊர் வாங்கன்னு எழுதி வச்சா எல்லாம் சரியாயிடும்னு நான் நம்பல. ஆனா எழுதி வச்சிருந்தா, நீ எழுதுனது என்ன செய்யறது என்னன்னு கேக்கறதுக்காவது ஒரு இடம் இருக்கும்.

சரி, டென்வர் வளைவு என்ன ஆச்சு? 25 வருஷம் நின்னுச்சு. 1931 டிசம்பர்ல இடிச்சுட்டாங்க. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். மோட்டார் கார் பெருகிப் போச்சு, வளைவோட தூணுங்க தெருவுல நிக்குது, கார் திரும்ப முடியல, அவ்வளவுதான் காரணம். தலைமுறை தலைமுறையா நிக்கும்னு சொன்ன மேயர் 1918-லயே செத்துப் போயிட்டாரு, கேக்க ஆள் இல்ல. 70 டன், இத்தனை பல்பு, எல்லாம் பழைய இரும்பு.

இதுல எனக்குக் கோபம் வர்றது எங்கன்னா, அதே கார் காலத்துல வேற ஊருங்க வேற மாதிரி யோசிச்சிருக்கு. நெவாடாவுல ரீனோன்னு ஒரு ஊர், அங்க 1926-ல வளைவு கட்டுனதே காருக்காகத்தான், லிங்கன் நெடுஞ்சாலையும் விக்டரி நெடுஞ்சாலையும் முடிஞ்சதைக் கொண்டாட 1927-ல ஒரு பொருட்காட்சி வச்சாங்க, அதுக்காக வர்ஜீனியா தெருவுக்குக் குறுக்க கட்டுனாங்க, தூண் ரெண்டும் ஓரத்துல, கார் அடியில போகும். பொருட்காட்சி முடிஞ்சதும் பிரிக்கல, ஒரு வாசகம் வேணும்னு போட்டி வச்சு 1929-ல 'உலகத்தின் மிகப் பெரிய சின்ன நகரம்'னு எழுதுனாங்க. 1963-ல புதுசு வந்துச்சு, பழசைத் தூக்கிப் போடாம வேற இடத்துக்குக் கொண்டு போனாங்க, இப்ப அது அதே ஊர்ல லேக் ஸ்ட்ரீட்ல ஒரு கார் மியூசியம் பக்கத்துல நிக்குது. இப்ப வர்ஜீனியா தெருவுல இருக்கறது 1987-ல வந்தது. கலிபோர்னியாவுல மொடெஸ்டோன்னு இன்னொரு ஊர், விவசாய ஊர், வாய்க்கால் தண்ணி வந்து பிழைச்ச ஊர், அங்க 1912-ல கட்டுன வளைவுல 'தண்ணீர், செல்வம், மனநிறைவு, ஆரோக்கியம்'னு எழுதியிருக்கு, இன்னிக்கும் அதே இடத்துல நிக்குது. தண்ணியை முதல்ல எழுதுனாங்க பாருங்க, நெல்லு போட்ட குடும்பத்துல பொறந்தவளுக்கு அது புரியும்.

அப்ப டென்வர் மட்டும் ஏன் இடிச்சுச்சு? எனக்குத் தோணுறது, ஊருக்குள்ள ஜனங்க வர்ற வாசல் மாறுனதும் பழைய வாசல் மேல மரியாதை போயிடுது. கார் வந்ததும் ரயில் வாசல் முக்கியம் இல்லன்னு ஆச்சு, அப்புறம் ஏரோப்ளேன் வந்துச்சு, 1958-ல டென்வர் விமான நிலையத்துல வந்து போறவங்க எண்ணிக்கை யூனியன் ஸ்டேஷனைத் தாண்டிருச்சு, ஸ்டேஷன் காத்து வாங்க ஆரம்பிச்சுது. ஆனா இதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. 2014-ல அந்தப் பழைய ஸ்டேஷனைப் புதுப்பிச்சு, உள்ள ஹோட்டல், சாப்பாட்டுக் கடை எல்லாம் வச்சுத் திறந்தாங்க. 2016 ஏப்ரல்ல விமான நிலையத்துல இருந்து நேரா யூனியன் ஸ்டேஷனுக்கு ரயில் விட்டாங்க. ப்ளேன்ல வர்றவங்க இன்னிக்கு அந்த ரயில் ஏறி, மறுபடியும் அதே வைன்கூப் தெரு வாசல்லதான் வெளிய வர்றாங்க, என் தம்பி குடும்பம் பெட்டி படுக்கையோட டவுனைப் பாத்ததும் அப்படித்தான். 85 வருஷம் கழிச்சு வாசல் பழைய இடத்துக்கே திரும்பி வந்துருச்சு, வளைவுதான் இல்ல. 1931-ல ஒரு தூணை பத்தடி தள்ளி வைக்க யோசிச்சிருந்தாலும் போதுமே!

யாங்கோனுக்கும் இதேதான். வாசல் ஆத்தங்கரையில இருந்துச்சு. 1877-ல வடக்க ப்ரோம்ங்கற ஊருக்கு ரயில் விட்டப்ப ரயில் நிலையம் இன்னொரு வாசல் ஆச்சு. அந்த ஸ்டேஷன் போர்ல அழிஞ்சு போய், இப்ப இருக்கறது 1954-ல சித்து ஊ தின் வடிவமைச்சது, நகர மண்டபத்தைக் கட்டுன அதே மனுஷன், அடுக்கடுக்கா பர்மியக் கோபுரம் வச்சு. ரயில்ல இருந்து இறங்குறவனுக்கு இது உன் நாட்டோட வீடுன்னு சொல்ற மாதிரி ஒரு கட்டடத்தை, விடுதலை வாங்கி ஆறே வருஷத்துல கட்டிட்டாங்க, எனக்கு அதுல பெருமைதான். இப்ப எல்லாரும் மிங்கலாடோன் ஏர்போர்ட்ல வந்து இறங்குறாங்க. தலாவுல இருந்து வர்ற எங்களுக்கு மட்டும் இன்னும் ஆறுதான் வாசல், அதுவும் கொரியா உதவியோட பாலம் வேலை நடக்குது, அது முடிஞ்சா பஸ் நேரா போயிடும், பன்சோடான் ஜெட்டியும் காத்து வாங்கும். பாலம் வேணும், ராத்திரி பிரசவ வலின்னா படகுக்காகக் காத்திருந்த வீடு எங்க தெருவுலயே இருக்கு, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜெட்டியை மறந்துறக் கூடாது.

ஏன்னா அது வந்த வாசல் மட்டும் கிடையாது, போன வாசலும் அதுதான். 1942-ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப கப்பல் கிடைச்சவங்க கப்பல்ல, கிடைக்காதவங்க காட்டு வழியா நடந்தே அராக்கானுக்கும் மணிப்பூருக்கும், நாலஞ்சு லட்சம் பேர் கிளம்புனாங்க, ஆயிரக்கணக்குல வழியிலயே செத்தாங்க. அப்புறம் 1964. கடைங்களை அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மே மாசம் 50, 100 கியாத் நோட்டு, அதாவது இந்த நாட்டுப் பணம், செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, மூணு தலைமுறையா இங்கயே பொறந்து வளந்தவங்க மெட்ராஸ் கப்பலுக்கு வரிசையில நின்னாங்க. வியாசர்பாடி, பர்மா பஜார், மணிப்பூர் எல்லையில மோரே, எல்லாம் அப்படிப் போனவங்க உண்டாக்குனதுதான். எங்க அப்பத்தாவோட அண்ணன் அந்தக் கப்பல்ல போனாரு. அப்பத்தா போகல, தாத்தா நெலத்தை விட்டு வர மாட்டேன்னுட்டாரு. கரையில நின்னு வழியனுப்புனதை அது சாகுற வரைக்கும் சொல்லும், "சோதனை போட்டுட்டு கம்பிக்கு அந்தாண்ட அனுப்பிட்டாங்கம்மா, ஒரு வார்த்தை பேச விடல, போயிட்டு வாண்ணேன்னு சொல்றதுக்குள்ள ஏறிடுச்சு"ன்னு. அண்ணன் கடைசி வரைக்கும் வரல. மெட்ராஸ்ல இருந்து கடுதாசிதான் வந்துச்சு.

அதனாலதான் டென்வர்ல அந்தப் பக்கத்துல எழுதுனது எனக்கு இவ்வளவு பெருசாப் படுது. வர்றவனுக்கு வாங்கன்னு சொல்றது எல்லா ஊருக்கும் லாபம், வர்றவன் காசு கொண்டு வருவான், உழைப்பு கொண்டு வருவான். போறவனால ஊருக்கு இனி ஒண்ணும் ஆகப் போறதில்ல. அவனுக்கும் ஒரு வார்த்தை எழுதி, அது மேல பல்பும் போட்டு, அதுக்குக் கரண்டு செலவும் பண்ணுன ஊர் உசத்தியான ஊருன்னு நான் சொல்லுவேன். இப்பவும் எங்க பசங்க கிளம்பிட்டேதான் இருக்காங்க, பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையைப் பாத்தா தெரியும். பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர்னு. ஏர்போர்ட் கண்ணாடிக் கதவுக்கு வெளியவே நின்னு கையாட்டுற அம்மாக்கள்ல பாதி பேர் எனக்குத் தெரிஞ்சவங்க.

என் சித்தப்பாகிட்ட இதப் பேசுனேன். "வளைவு என்னம்மா சோறா போடப் போவுது, இருக்குற கஷ்டத்துல"ன்னாரு. அவர் சொல்றது நியாயம்தான், அரிசி விக்கிற விலையில யாரும் இதுக்குக் காசு குடுக்க முடியாது. ஆனா அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழை மரம் கட்டாம விட்டாரா? தீமிதிக்குக் கோயில் வாசல்ல தோரணம் இல்லாம இருக்குமா? இந்த நாட்டுலயும் பகோடாவுக்கு வாசல் வளைவு, வார்டுக்கு வளைவு, ஊர் எல்லையில நல்வரவுன்னு வளைவு, தண்ணித் திருவிழாவுக்கு நகர மண்டபத்துக்கு முன்னாடி பெரிய பந்தல்னு வாசல் வைக்கிறது ஊறிப் போன பழக்கம். பர்மியங்களுக்கும் நமக்கும் இதுல ஒரே மனசு.

அதனால நான் கேக்கறது பெரிய 70 டன் இரும்பு இல்ல. பன்சோடான் ஜெட்டி வாசல்ல, படகுல இருந்து ஏறி வர்ற சரிவுக்கு மேல, தேக்குலயோ சாதா இரும்புலயோ ஒரு சின்ன வளைவு. ஆத்தைப் பாத்த பக்கம் வாங்கன்னு, ஊரைப் பாத்த பக்கம் போயிட்டு வாங்கன்னு. முதல்ல பர்மியத்துல பெருசா, அதுக்குக் கீழ தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி, உருது, சீனம், இந்த ஆத்துல வந்து இறங்குன பாஷை எல்லாம். கோயில் கமிட்டி, மசூதி, சீனக் கோயில், மடம்னு நாலு பேரைச் சேத்து வச்சுப் பேசுனா நடக்காத காரியம் இல்ல, இப்ப முடியலன்னா நெலம மாறுனப்புறம். தம்பி போன்ல கேட்டான், "பல்பு உண்டாக்கா?"ன்னு. கண்டிப்பா உண்டு, இங்க கரண்டு வர்ற நேரத்தை நம்ப முடியாது, ஆனா எங்க தெருவுல வீட்டுக்கு வீடு சோலார் தகடு வந்தாச்சு, அதுல ரெண்டு வாங்கி மேல மாட்டுனா ராத்திரி கடைசிப் படகு வரைக்கும் எரியும்.